கலாமணியம்மா சிரிக்கக் கூடாது

காலையில் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினால் போதும், மாமியார் ஆரம்பித்துவிடுவாள்.

"வணக்கம் தாரணி. இன்று முதல் ஒரு புதிய கூடுதல். பார்சலைக் கொடுத்த பிறகு, வாசலில் குப்பைப் பை இருந்தால் எடுத்துச் சென்று தெருத்தொட்டியில் சேர்க்கவும். நேரத்தில் மாற்றமில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் கூடுதல் இனிமையோடு சொல்வாள். அதைக் கேட்டாலே எனக்குக் கால் பரபரக்கும்.

மாமியார் என்பது ஹெல்மெட்டுக்குள் பேசும் கம்பெனி யந்திரத்துக்கு டிரைவர்களாகிய நாங்கள் வைத்த பெயர். எவ்வளவு செய்தாலும் 'இது நீ செய்ய வேண்டியதுதானே' என்கிற குரலுக்கு வேறென்ன பெயர் வைப்பது? கம்பெனியின் பெயர் 'வாசல்'. கோயம்புத்தூரில் ட்ரோன்கள் வந்து சில காலம் சுற்றிவிட்டுப் போய்விட்டன. மொட்டை மாடியில் பெட்டியைப் போட்டுவிட்டுப் பறக்கிற யந்திரத்தைவிட, கதவைத் தட்டி முகம் காட்டுகிற ஆளைத்தான் ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஹெல்மெட்டில் ஒரு கண்ணும் ஒரு காதும் வைத்தது. பார்சல் வாங்குகிறவர் மனம் குளிர்ந்தால் ஹெல்மெட்டுக்குள் 'கிணுங்' என்று மணி அடிக்கும். மணி அடித்தால், அதற்குமுன் டிரைவர் புதிதாக என்ன செய்தார் என்று மாமியார் பின்னால் போய்த் தேடுவாள். கண்டுபிடித்தால் அது கூடுதல். அடுத்த வாரம் ஊரில் உள்ள டிரைவர்கள் அத்தனை பேரும் அதைச் செய்தாக வேண்டும்.

பீளமேட்டில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு வீட்டில் பியூஸ் போன பல்பை மாற்றிக் கொடுத்தான். மணி அடித்தது. பிறகு நாங்கள் எல்லோரும் பல்பு மாற்றினோம். எங்களோடு ஓடிக்கொண்டிருந்த ரித்திக், அவசரத்தில் யார் வீட்டு ஸ்டூலிலோ ஏறி, விழுந்து, இடுப்பு எலும்பு நொறுங்கிப் படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலில் ஷூவோடு ஏறியது அவன் தவறு என்று கம்பெனி சொல்லிவிட்டது.

அன்றைக்குத்தான் சிங்காநல்லூர் பேக்கரியில் நாங்கள் கூடி ஒரு முடிவெடுத்தோம். எங்களில் மூத்தவர் கிஷோரண்ணன். தேங்காய் பன்னைப் பிய்த்தபடியே சொன்னார்:

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அவன் நம்ம ஒடம்பை எடுத்து ஊருக்குப் பரிமாறறான். இனிமே புதுசா ஒருத்தரும் நல்லது பண்ணக் கூடாது. மனசு கேக்காட்டியும் பல்லைக் கடிச்சுட்டு வந்துருங்க. நீங்க ஒரு வீட்ல பண்ற நல்லது, நம்மாளு ஒருத்தன் முதுகுல எறங்குது. புரியுதா?"

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அதற்கப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை, கலாமணியம்மாவின் கதவைத் தட்டினேன்.

ஒண்டிப்புதூர்ப் பக்கம், மூன்றாம் மாடி. இரும்புக் கிரில், உள்பக்கம் கொண்டி. கிரிலை ஒட்டி ஒரு செருப்பு ஸ்டாண்ட், ஒரு குழாய். கொண்டுபோனது மருந்துக் கடைப் பெட்டி. எழுபது வயதிருக்கும் அந்த அம்மா என் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, சொட்டு மருந்தை எடுத்து, அண்ணாந்து கண்ணில் விட்டார். கை அப்படி நடுங்கியது. மருந்து கன்னத்தில் விழுந்தது. அடுத்தது நெற்றியில் விழுந்தது.

"அம்மிணி, ஒரு சொட்டு விட்டுட்டுப் போறியா?"

"முடியாதுங்கம்மா. கம்பெனில விட மாட்டாங்க."

வந்துவிட்டேன். படியிறங்கினேன். இரண்டாம் மாடி வரைதான் இறங்க முடிந்தது. அடுத்த பார்சலுக்கு நேரமாகிறது என்று மாமியார் காதில் சொல்கிறாள், கால் மேலே போகவா கீழே போகவா என்று ஒரே படியில் நின்று துடிக்கிறது. எனக்கு என் மேலேயே எரிச்சல். அந்த அம்மா மேல் அதைவிட எரிச்சல். திரும்ப ஏறினேன்.

வியர்வை துடைக்க ஒரு நிமிடம் ஹெல்மெட்டைக் கழற்றலாம் என்று விதியில் இடம் உண்டு. கழற்றினேன். செருப்பு ஸ்டாண்டில் சுவரைப் பார்த்து வைத்தேன். அதன் கண் மூடியாயிற்று, ஆனால் காது திறந்துதான் இருக்கும். குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். என் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்ன பாடம் அது. கலாமணியம்மாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். எரிச்சலெல்லாம் வாயில் வந்தது.

"ஏனுங்கம்மா, கன்னத்துக்கா மருந்து எழுதிக் குடுத்தாங்க? தலையை ஆட்டாதீங்க. பூம்பூம் மாடாட்டம் ஆட்டுனா எங்க போய் விடறது? கண்ணைத் தொறங்க. இன்னும் நல்லாத் தொறங்க. காசு குடுத்து வாங்குன மருந்தை இப்படிக் கொட்டிட்டு, கண்ணு போச்சுன்னா யாருங்க வந்து பாப்பாங்க?"

சொட்டு உள்ளே இறங்கியது. அந்த அம்மா திகைத்துப் போய்ப் பார்த்தார். ஹெல்மெட்டில் மணி அடிக்கவில்லை.

கீழே வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. திட்டிக்கொண்டே செய்தால், அது நல்லது என்று மாமியாருக்குப் புரிவதில்லை.

அன்று இரவு வேலை முடிந்து, பார்சலில் இருந்த எண்ணில் கலாமணியம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் சந்தோசப்பட்டாத்தான் வம்பா?"

"ஆமாங்கம்மா. நீங்க ஒரு தடவை சிரிச்சீங்கன்னா, அடுத்த வாரம் ஊர்ல இருக்கற டிரைவர் அத்தன பேரும் கண்டவங்க கண்ணுல மருந்து ஊத்தணும். நேரமும் எச்சாக் குடுக்க மாட்டாங்க. ஓடற ஓட்டத்துல எவன் கண்ணை எவன் குத்துவானோ."

"நான் காந்திபுரம் சிக்னல்ல முப்பது வருசம் நின்னவ அம்மிணி. டிராபிக் போலீசு. சிரிக்காம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. நான் திட்டாத டிரைவர் இந்த ஊர்ல கெடையாது. இப்ப ஒரு டிரைவரு வந்து என்னையத் திட்டறா. பட்டுக்கறேன்."

"நர்சு, பக்கத்து வீடுன்னு யாருமே இல்லீங்களா?"

"பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டு நாள் விட்டான். அப்பறம் என்னையக் கண்டாலே கதவைச் சாத்திக்கறான். நர்சுக்கெல்லாம் பென்சன் தாங்காது. எடது கண்ணு உள்ளழுத்தம் ஏறியே போயிருச்சு. வலதையாவது காப்பாத்துங்க, பொழுதோட ஆறு மணிக்கு ஒரு சொட்டு, ஒரு நாள் தப்பக் கூடாதுன்னாரு டாக்டரு. இதையும் விட்டேன்னா, உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணாதான்."

எனக்கு வேலை முடிய இரவு பத்தாகும். ஆறு மணிக்கு அந்த வாசலுக்குப் போக வேண்டுமானால் பார்சலோடு போனால்தான் உண்டு. ஆகவே கலாமணியம்மா தினமும் ஏதாவது ஒரு பொருள் வாங்கினார். ஒரு கட்டுக் கொத்தமல்லி. ஒரு தீப்பெட்டி. ஊக்கு. நான் ஏறுவேன், கிரிலுக்குள் கை விட்டுக் கொண்டியைத் தள்ளுவேன், ஹெல்மெட்டைச் சுவர் பார்த்து வைப்பேன், கை கழுவுவேன், திட்டுவேன். அவர் பால்கனியைப் பார்த்த பிரம்பு நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தயாராக இருப்பார்.

"வந்துட்டீங்களா மகராணி? ரெண்டு நிமிசம் லேட்டு."

"நீங்க தீப்பெட்டி வாங்குவீங்க, நான் பறந்து வரணுமாக்கும். தெனமும் ஒரு தீப்பெட்டி, ஊரையா கொளுத்தப் போறீங்க? மத்தியானம் சாப்பிட்டீங்களா? அந்தச் சட்டியில அரிசிம்பருப்புச் சோறு அப்படியே கெடக்குது. அதை யாருக்கு வெச்சிருக்கீங்க, விருந்துக்கு வர்ற ஒறம்பரைக்கா?"

"என்ற வீட்டுச் சட்டிய எட்டிப் பாக்கறதுக்கு நீ யாருடி?"

"தலையை ஆட்டாதீங்க!"

நாள் முழுக்க அறுபது எழுபது கதவுகளில் பல்லைக் காட்டிவிட்டு, அந்த ஒரு கதவில் மட்டும்தான் நான் நானாக இருந்தேன் என்று நினைக்கிறேன். என் அம்மா போன பிறகு நான் யாரையும் அப்படி உரிமையோடு திட்டியதில்லை. அந்த அம்மாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. என்னுடைய மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தது. 'உங்கள் குரலில் கனிவு போதவில்லை' என்று இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. நான் மற்ற கதவுகளில் இன்னும் அகலமாகச் சிரித்துச் சமாளித்தேன்.

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. ஒரு நாள் நான் போனபோது கலாமணியம்மா நாற்காலியில் இல்லை. கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தார். அன்று அவருக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை.

நான் ஹெல்மெட்டை வைத்தேன். கை கழுவினேன். "ஏனுங்க, காலு கடுக்க நின்னா யாரு அமுக்கி விடுவாங்களாம்? போய் உக்காருங்க" என்றேன்.

அவர் ஒரு கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். அழுத்தம் இறங்கிவிட்டது. விரலைக் கண்ணில் வைத்துத் தலையசைத்தார். கண் தப்பித்துவிட்டது. முப்பது வருடம் சிக்னலில் சிரிக்காமல் நின்ற அம்மா, வாயைப் பொத்திப் பார்த்தார், முந்தானையைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. சின்னப் பிள்ளை போலச் சத்தமாகச் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

செருப்பு ஸ்டாண்டில் 'கிணுங்' என்றது. நிற்காமல் அடித்தது.

அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. பேக்கரிப் பக்கமே போகவில்லை. கிஷோரண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? எத்தனை பேர் எத்தனை கண்களில் அவசரமாக எதை ஊற்றப் போகிறார்களோ என்றே நினைப்பு ஓடியது. திங்கட்கிழமை காலை ஹெல்மெட்டை மாட்டினேன்.

"வணக்கம் தாரணி. இன்று முதல் ஒரு புதிய கூடுதல். தனியாக வசிக்கும் மூத்த வாடிக்கையாளர்களை உரிமையுடன் கண்டிக்கவும். உணவு, உடல்நலம், சிக்கனம் ஆகியவை பற்றித் திட்டலாம். நேரத்தில் மாற்றமில்லை."

இரண்டு முறை கேட்டேன். பிறகு வண்டியை நேராகப் பேக்கரிக்கு விட்டேன். அங்கே திருவிழாவாக இருந்தது.

"இத்தன வருசத்துல இது ஒண்ணுதான் நம்ம மனசறிஞ்சு குடுத்த கூடுதல்" என்று கிஷோரண்ணன் பன்னை உயர்த்தினார். "சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலிச்சுப் போச்சு. இனி வெச்சு வாங்கறேன் பாரு. எந்தப் புண்ணியவதி பண்ணுன வேலையோ, நல்லா இருக்கோணும்."

நான் டீயைக் குடித்துக்கொண்டேன். மாமியாருக்குக் காது மட்டும்தானே அங்கே இருந்தது? அவள் மாதக்கணக்காகக் கேட்டதெல்லாம் திட்டு. கடைசியில் கேட்டது சிரிப்பு. கணக்கு அவளுக்குச் சரியாக இருந்தது. எனக்கும் அப்போது சரியாகத்தான் தோன்றியது. ஒரு சொட்டு மருந்து யாருக்கும் தெரியாமல் தப்பித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடி அறை, குளிர். மிருதுளா என்ற அதிகாரி, நல்ல பெண், எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பேசினாள்.

"மத்த டிரைவர்ஸ் திட்டினா கம்ப்ளெய்ன்ட் வருது. நீங்க திட்டினதுக்கு மட்டும் ஏன் அவ்வளவு சந்தோஷம்? நாங்க உங்க கடைசி ஒரு மாச ரெக்கார்டிங்கைக் கேட்டோம். உங்க குரல்ல என்னமோ இருக்கு அக்கா. அதான் உங்க குரலையே எடுத்துக்கலாம்னு பாக்கறோம். டிரைவர் சும்மா நின்னாப் போதும், ஹெல்மெட்லேர்ந்து நீங்க திட்டுவீங்க. ஒரு மாசம் இங்க உக்காந்து பேசிக் குடுத்தீங்கன்னா, அப்பறம் நீங்க வண்டியே ஓட்ட வேண்டாம். ட்ரெய்னிங் டீம்ல போட்டுடறோம்."

"அப்பச் செரிங்க."

"ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்க ஹெல்மெட்டைக் கழட்டி வெக்கிறப்பல்லாம் குழாய்த் தண்ணி சத்தம் கேக்குது. அது என்ன? அந்த நேரத்துல வேற ஏதாவது பண்ணுவீங்களா?"

ஒரு வார்த்தை. சொன்னால் கலாமணியம்மாவுக்கு நாளையே கண் மருந்து விட ஆள் வரும். எல்லா ஊரிலும், எல்லாக் கண்களுக்கும், இரண்டு நிமிட அவகாசத்தில், கை கழுவ நேரமில்லாத ஆள் வருவான். ஸ்டூலிலிருந்து விழுந்த ரித்திக்கின் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லாவிட்டாலோ, ஆறு மணிக்கு ஒரு நாற்காலியில் ஓர் அம்மா அண்ணாந்திருப்பார்.

"வெயிலுங்க. மூஞ்சி கழுவுவேன்" என்றேன்.

அவள் எதையோ குறித்துக்கொண்டாள். குழாயின் சத்தம் கணக்கிலிருந்து நீங்கியது.

சென்னைக்குக் கிளம்பும்போதே கிஷோரண்ணனிடம் கலாமணியம்மாவை ஒப்படைத்திருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு, "மருந்து எந்தக் கண்ணுக்கு?" என்று மட்டும் கேட்டார். என் பக்கத்துப் பார்சல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு சில நாள் அவர் போனார். அப்புறம் ஒரு நாள் போனில் தயங்கினார்.

"கதவு மாத்திட்டாங்க தாரணி. இனி யாருக்கும் ஒரே வீடு கெடையாதாம். கொரலு உன்னோடது, அப்பறம் ஆளு யாரா இருந்தா என்னங்கறான். எனக்கு வடவள்ளியில போட்டிருக்கான். அந்தம்மா வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புது ஆளு போறான். யாருன்னு நான் தேடிப் புடிச்சுச் சொல்றது?"

நான் கலாமணியம்மாவைக் கூப்பிட்டேன். "நான்தானுங்கம்மா, தாரணி" என்பதற்குள் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். வைத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, மூத்தவர்களுக்கு நலம் விசாரிக்கும் அழைப்புகளுக்கும் கம்பெனி என் குரலையே போட்டிருந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

அடுத்து வந்த நாட்களில் அந்தக் கண்ணாடி அறையில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், உட்கார்ந்தேன். "சட்டியில சோறு அப்படியே கெடக்குது" என்று ஒலிவாங்கியில் பதினைந்து விதமாகச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு மணி ஆனால் என் கை தன்னால் குழாயைத் தேடியது. கடைசியாக ஒரு நாள் அவர் போனை வைக்காமல் பேசினார்.

"ஏனுங்க, நீங்க எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. தலையை ஆட்டாதீங்கங்கறீங்க. கண்ணைத் தொறங்கங்கறீங்க. நானும் தெனமும் தொறந்துட்டு உக்காந்திருக்கறேன். யாரும் மருந்து விடறதில்லீங்க. அந்தப் புள்ளைய என்ன பண்ணுனீங்க?"

வைத்துவிட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மிருதுளா படிவரை ஓடி வந்து கூப்பிட்டாள். திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் திரும்பவில்லை. ஹெல்மெட் மேஜையிலேயே கிடந்தது.

மறுநாள் பொழுதோடு, மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கையில் பார்சல் இல்லை, தலையில் ஒன்றும் இல்லை. கிரிலுக்குள் கை விட்டுக் கொண்டியைத் தள்ளினேன். கலாமணியம்மா பால்கனியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நான் பக்கவாட்டில் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. பார்வையின் ஓரங்கள் கறுத்துவிட்டதைப் பின்னால் டாக்டர் சொன்னார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

"ஏனுங்கம்மா..." என்றேன்.

"இன்னைக்கு ஒருத்தர் வந்து திட்டிட்டுப் போயாச்சுங்க" என்றார், தலையைத் திருப்பாமல். "நல்லாத் திட்டுனாருங்க. கொறையொண்ணும் இல்லீங்க. போய்ட்டு வாங்க."

வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் அதை ஏற்கெனவே ஓர் ஊருக்கே கொடுத்திருந்தேன். சட்டி, சோறு, தீப்பெட்டி, பூம்பூம் மாடு, எதைச் சொல்லி நான்தான் என்பது? என் குரலே எனக்குச் சாட்சி சொல்லாது. அந்த வாசலில் நான் கூனிக் குறுகி நின்றேன்.

பிறகு குழாயைத் திறந்தேன். சோப்பு அதே இடத்தில், காய்ந்து வெடித்துக் கிடந்தது. குழைத்துக் குழைத்து விரல் விரலாகக் கழுவினேன்.

நாற்காலியில் அசைவு.

"யாரது?" என்றார். பிறகு, "திட்டறதுக்கு வந்தவன் ஒருத்தனும் கை கழுவல" என்றார்.

குழாயை மூடினேன். அவர் ஏற்கெனவே தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். அசையவே இல்லை. நான் தாடையைப் பிடித்தேன், இமையை விலக்கினேன். சொட்டு உள்ளே இறங்கியது. கண்ணோரம் வழிந்தது மருந்து மட்டும் இல்லை.

"ஏண்டி பேச மாட்டேங்கற? ஒண்ணாவது திட்டேன்."

"எல்லாத்தையும் அவங்ககிட்டக் குடுத்துட்டனுங்கம்மா. என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க."

கலாமணியம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"செரி, மருந்தை மட்டும் விடு. திட்டறதை நான் பாத்துக்கறேன்" என்றார். மூச்சு வாங்கினார். "இத்தன நாளா எங்கடி போய்த் தொலைஞ்ச, எருமை?"